இருமுறை மூடிய வாசல்: ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றக் கட்டடம், ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் கடலோரத்துப் பாடாங் கோத்தா திடலுக்கு யாரையாவது வரச் சொன்னால், "மன்றக் கட்டடத்து வாசலில் நில்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. திடலின் மேற்கு ஓரத்தில் அடுத்தடுத்து இரண்டு பழைய கட்டடங்கள் இருக்கின்றன. தெற்கே மஞ்சள் பூசியிருப்பது டவுன் ஹால். அதற்கு வடக்கே, கடலை ஒட்டி வெள்ளையாக நீண்டு கிடப்பது சிட்டி ஹால். இந்தக் கட்டுரைக்காக நான் சந்திக்க வேண்டியிருந்த பெரியவர் மஞ்சள் வாசலில் நின்றார். நான் வெள்ளை வாசலில் நின்றேன். கூப்பிடு தூரத்தில் இருபது நிமிடம் ஒருவரையொருவர் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர்தான் குடையை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார்.

"டவுன் ஹால் என்றால் ஆட்டம் பாட்டம், தம்பி. சிட்டி ஹால் என்றால் வரி. எதற்கு வரச் சொன்னாய் என்று நீ சொல்லவில்லையே" என்றார்.

அவர் 1960-இல் மாநகர் மன்றத்தின் மின்சாரப் பகுதியில் கையாளாகச் சேர்ந்தவர். இரண்டு கட்டடங்களின் வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கையேடும் சொல்லி நான் படித்ததில்லை. இந்த ஆய்வு வெள்ளைக் கட்டடத்தைப் பற்றியது. நகரத்தை ஆள்வதற்கென்று கட்டிய ஒரு மாளிகை 1903 முதல் இன்றுவரை பெரிய சேதமில்லாமல் நிற்கிறது. ஆனால் அதற்குள் உட்கார்ந்து முடிவெடுப்பவரை ஊரார் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஒருமுறை வந்து போய், மறுபடி வந்து, மறுபடி போயிருக்கிறது. கட்டடத்தின் வரலாற்றையும் அந்த உரிமையின் வரலாற்றையும் தனித்தனியே எழுதுவதுதான் வழக்கம். சுற்றுலாக் கையேடு தூண்களைப் பற்றிப் பேசும்; அரசியல் நூல் தேர்தலைப் பற்றிப் பேசும். இரண்டையும் ஒரே வாசலில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இங்கே கேள்வி.

ஒரே ஓரத்தில் இரண்டு மண்டபங்கள்

டவுன் ஹால் 1880-களின் தொடக்கத்தில் எழுந்தது. நகராட்சிக்கெனத் தீவில் நிற்கும் கட்டடங்களில் அதுவே மூத்தது. பெயர் நகர மண்டபம் என்றாலும், அது பெரும்பாலும் வெள்ளைக்காரச் சமூகத்தின் கேளிக்கைக் கூடமாகவே இருந்தது. கூட்டம் கூட ஒரு பெரிய அரங்கு, நாடகத்துக்கு மேடை, நடன விருந்துகள். பினாங்கு ஹொக்கியன் சீனர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஆங் மோ கொங் குவான்'. செம்முடிக்காரர்களின் சங்கம் என்று பொருள். ஊர் வைக்கும் பெயரில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை.

அந்தக் கட்டடத்துக்குச் சீனர் கொடுத்தது பெயர் மட்டுமன்று. 1883-இல் கோ சியாங் தட் என்ற செல்வர் ஓர் அலங்கார நீரூற்றை நகராட்சிக்குக் கொடையாக அளித்தார். பினாங்கின் முதல் கப்பித்தான் சீனா, அதாவது சீனச் சமூகத் தலைவர், கோ லே ஹுவானின் வழிவந்தவர் அவர். நீரூற்று இன்றும் இருக்கிறது. திடலுக்கு வருபவர்களில் பாதிப் பேர் அதைத் தேடிப் பார்ப்பதில்லை.

ஊர் வளர வளர, ஆட்டக் கூடத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு நகரத்தை ஆளமுடியாமல் போனது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ் டவுன் வழியாக வடமலாயாவின் வெள்ளீயமும் சுமத்திராவின் சரக்கும் கப்பலேறின. சாலை, சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, சந்தை, குப்பை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு, அதற்கொரு குமாஸ்தா, அவருக்கு மேசை, மேசை நிறையக் கோப்பு. இதற்கெல்லாம் இடம் வேண்டியே புதிய கட்டடம் வந்தது. அன்று அதன் பெயரும் அடக்கமானதுதான்: முனிசிபல் அலுவலகம். கட்டி முடித்த ஆண்டு 1903. செலவு ஒரு லட்சம் வெள்ளி (டாலர்). 'சிட்டி ஹால்' என்ற பெயர் வர இன்னும் 54 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

யார் கட்டினார்கள் என்று நம்மவர் கேட்பது இயல்பு. இதற்குச் சற்றுத் தொலைவில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை 1818-இல் எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள். தீவின் பழைய சாலைகள் பலவற்றிலும் அவர்கள் வியர்வை உண்டு. ஆனால் 1903-க்கு வெகுகாலம் முன்பே கைதிகளின் காலம் முடிந்துவிட்டது. ஆகவே சிட்டி ஹாலையும் கைதிகள் கணக்கில் எழுதிவிடும் சிலருடைய வழக்கத்தை நான் ஏற்பதில்லை. தமிழர் உழைப்பைத் தேடுகிறவர்கள் கட்டடத்தின் சுவரைவிட, அந்தக் கட்டடம் தினமும் காலையில் யாரை வேலைக்கு அனுப்பியது என்று பார்க்க வேண்டும். சாலை போட்டது, சாக்கடை வாரியது, குப்பை அள்ளியது, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் பெயர்ப்பதிவேடு இருந்தது இந்தக் கட்டடத்துக்குள். அவர்கள் நின்றது வெளியே.

முகப்பு சொல்வது

பாணியின் பெயர் எட்வர்டியன் பரோக். விக்டோரியா மகாராணி 1901-இல் மறைந்து ஏழாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்த காலத்தில், பேரரசின் அலுவலகக் கட்டடங்களுக்கு இந்த ஆடம்பரம் பிடித்துப்போனது. பழைய ரோமானியத் தூண்களையும் முக்கோண நெற்றிகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றைக் கொஞ்சம் உப்பவைத்து, நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழும்படி முன்னும் பின்னுமாக அடுக்குவது அதன் வேலை.

இரண்டு தளங்கள். பெரிய பெரிய ஜன்னல்கள். கொரிந்தியத் தூண்கள். இந்தத் தூண்களின் தலைப்பகுதியைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். நம் கோயில் தூண்களில் போதிகை இருக்கும் இடத்தில், இங்கே அகாந்தஸ் என்னும் மத்தியதரைக் கடற்கரைச் செடியின் இலைகள் கொத்தாக விரிந்து நுனி சுருண்டிருக்கின்றன. தீவில் அந்தச் செடியைப் பார்த்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் இலையின் நரம்பு வரை சுதையில் இழைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் கிரீடமும் சிங்கமும் வைத்த கைகளை எனக்கு இது நினைவூட்டுகிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்த கைவேலையால் செய்வதில் ஒரு தனி கவனம் கூடிவிடுகிறது.

முக்கோண நெற்றிகள் பக்கத்து டவுன் ஹாலோடு ஒத்துப்போகின்றன. தம்பி அண்ணனின் முகச்சாயலோடு பிறந்ததுபோல் இருந்தாலும், தம்பிக்கு உயரமும் மிடுக்கும் கூடுதல். கட்டடம் கிழக்கே திடலைப் பார்த்து நிற்பதால், காலை எட்டு மணிக்கு வெயில் முகப்பின் மேல் நேராக விழுந்து வெள்ளைச் சுண்ணம் கண்ணைக் கூசவைக்கிறது. பிற்பகலில் முகப்பே நிழலுக்குள் போய்விடும். படம் எடுக்க வருபவர்கள் மாலையில் வந்து ஏமாறுவது இதனால்தான்.

இப்போது ஒரு கேள்வி. இதே காலத்தில் கோலாலம்பூரிலும் நகராட்சி அலுவலகம் கட்டினார்கள். ஏ. பி. ஹப்பாக் வடிவமைத்து 1904-இல் முடிந்த அந்தக் கட்டடம் முகலாயச் சாயல் கொண்டது: குமிழ்க் கோபுரம், குதிரைலாட வளைவு. அதற்கு முன்பே, 1897-இல், ஏ. சி. நார்மனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் அந்தப் பாணிக்கு வழிபோட்டிருந்தது. இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த பொறியாளர் சி. இ. ஸ்பூனர்தான், முதலில் வரைந்த ஐரோப்பிய வடிவத்தை ஒதுக்கி, இஸ்லாமியச் சாயலை வற்புறுத்தினார். அப்படியானால் பினாங்கில் மட்டும் ஏன் ஒரு குமிழ்கூட இல்லை?

விடை கட்டடக்கலையில் கிடைக்காது. சட்டப் புத்தகத்தில் கிடைக்கும். சிலாங்கூர் ஒரு மலாய் மாநிலம். அங்கே சுல்தான் இருந்தார். பிரிட்டிஷார் பெயரளவில் ஆலோசகர்கள். சுல்தானின் பெயரால் ஆள்கிறவர்கள் சுல்தானின் மதத்துக்கு உகந்ததென்று தாங்கள் கருதிய வேடத்தைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பினாங்கு 1867 முதல் நீரிணைக் குடியேற்றங்களின் பகுதியாக நேரடி முடியாட்சிக் காலனி. யாருக்காகவும் வேடம் போட வேண்டியதில்லை. லண்டனில் எழுப்புவதை அப்படியே இங்கேயும் எழுப்பலாம், எழுப்பினார்கள்.

இதற்கு ஒரு வேடிக்கையான மறுபக்கமும் உண்டு. சூலியாத் தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டடக்கலைஞர் எச். ஏ. நியூப்ரோனர் முகலாயக் குமிழ்களோடு மாற்றியமைத்தார். 1801-இல் காதர் மொஹிதீன் தொடங்கிவைத்த பள்ளிவாசல் அது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரக்காயர்களுக்கும் ஆக்ராவின் குமிழ்களுக்கும் என்ன உறவு என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 'கிழக்கத்திய'க் குமிழ் மற்றவர்களின் தொழுகைக்கு, ரோமானியத் தூண் தங்கள் அலுவலகத்துக்கு என்று ஒரே ஊருக்குள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வெளித்தோற்றம் பழைய ரோமாபுரி என்றால், உள்ளே இருந்தது அன்றைய புதுமை. பினாங்கில் மின்விளக்கும் மின்விசிறியும் பொருத்திக் கட்டி முடித்த முதல் கட்டடம் இதுதான். 1904-இல் ஜார்ஜ் டவுன் நகரம் மின்வசதி பெற்றது. 1906-இல் மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கின. மின்சாரத்தை விற்கப்போகிறவர் நகராட்சியே. ஆகவே கட்டடத்தைச் சரக்கு காட்டும் கடையாகவும் பார்க்கலாம். வரி கட்ட வந்த வணிகர் தலைக்கு மேல் தானாகச் சுழலும் விசிறியைப் பார்த்துவிட்டுப் போய்த் தம் கடைக்கும் விண்ணப்பம் போட்டிருப்பார். பங்கா இழுத்த பையன்களுக்கு வேலை போனது வேறு கதை.

பெரியவருக்கு இந்த விசிறிகளின் மேல் தனி அக்கறை. "நான் சேர்ந்தபோது பழைய மூலவிசிறிகள் மாற்றப்பட்டுவிட்டன. ஆனால் கம்பிகள் போன பாதை பழையதே. சுவருக்குள் போகாது, மரப்பட்டைக்குள் சுவரின் மேலேயே போகும். பட்டையைக் கழற்றினால் பல்லி முட்டை இருக்கும்" என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார்.

கடலோரத்தில் நிற்கும் எந்தச் செங்கல் கட்டடத்துக்கும் உப்பு ஒரு தீராத நோய். சிட்டி ஹாலின் வடபக்கம் கடற்காற்று நாள் முழுதும் அடிக்கிறது. இத்தகைய சுவர்கள் சுண்ணாம்புக் காரை பூசியவை, சுண்ணாம்பு மூச்சுவிடும். செங்கல் குடித்த ஈரம் காரை வழியாக மெல்ல வெளியேறிக் காய்ந்துவிடும். பிற்காலத்தில் பழுதுபார்க்கிறேன் என்று இப்படிப்பட்ட சுவரில் சிமென்ட் பூசினால், ஈரம் போக வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்பு படிகமாகி, கடைசியில் பூச்சையே தள்ளிக்கொண்டு உதிர்கிறது. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் அஞ்சடி என்னும் முன்நடைபாதையில் நடந்து போனால், முழங்கால் உயரத்தில் வெள்ளைத் தூள் பூத்து, விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டும் சுவரைப் பத்துக் கடைக்கு ஒன்றில் பார்க்கலாம். நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். சிறுவயதில் வைத்துப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

முதல் பூட்டு

கட்டடத்தைவிட மன்றம் மூத்தது. 1800-இலேயே தீவில் வரி மதிப்பீட்டாளர் குழு ஒன்று சாலைகளையும் நகர அமைப்பையும் கவனிக்கத் தொடங்கியது. 1857-இல் நகராண்மை ஆணையர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுத்தார்கள். ஏழைக்கு அதில் பங்கில்லை, பெண்ணுக்குப் பேச்சே இல்லை என்பது நினைவிருக்கட்டும். இருந்தாலும் 'நான் கட்டும் வரிக்கு நான் ஆள் அனுப்புவேன்' என்ற நூலிழை அங்கே இருந்தது. 1903-இல் புதிய கட்டடத்தில் கூடிய ஆணையர்கள் இந்த நூலிழையோடு சேர்ந்தே உள்ளே வந்தார்கள்.

பத்தே ஆண்டு. 1913-இல் புதிய நகராண்மைச் சட்டம் தேர்தலை எடுத்துவிட்டது. இனி எல்லோரும் நியமனம்.

அந்த ஆண்டை ஒரு தமிழர் படிக்கும்போது வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். அதே 1913 நவம்பரில்தான் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. அதுவும் வெள்ளை, அதிலும் ஐரோப்பியத் தூண்கள். சென்னையில் உயர் நீதிமன்றம் போன்றவற்றுக்கு முகலாயச் சாயல் கலந்த இந்தோ-சாரசனிக் பாணியைப் பூசியவர்கள், மாநகராட்சிக்கு மட்டும் வெள்ளை உடுத்தினார்கள். இந்தியாவில் உள்ளாட்சித் தன்னாட்சிக்கு 1882-இல் அடிகோலிய வைசிராய் ரிப்பன் பிரபுவின் பெயரையே மாளிகைக்கு வைத்தார்கள். வங்கக் கடலின் அந்தக் கரையில் உள்ளாட்சியின் தந்தைக்கு நினைவு மாளிகை. இந்தக் கரையில் அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தலுக்குப் பூட்டு. ஒரே பேரரசு, ஒரே நிறக் கட்டடம். தூண்களைப் பார்த்து உள்ளே நடப்பதை ஊகிக்க முடியாது என்று எனக்குத் தெளிவானது இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான்.

அடுத்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் நகராட்சி மோசமாக நடந்தது என்று சொல்ல முடியாது. 1925-இல் டிராலி பஸ் வந்தது. டிராம்கள் 1936-இல் நின்றன. 1929-இல் திடலின் கடற்பக்கம் முதல் உலகப் போர் நினைவுத்தூண் எழுந்தது. நியமன ஆட்சி திறமையாக இருக்க முடியும். அது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

1941 டிசம்பர் அதைக் காட்டிக்கொடுத்தது. ஜப்பானிய விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு போட்டன. சில நாளில் வெள்ளைக்கார அதிகாரிகளும் குடும்பங்களும் இரவோடு இரவாகத் தீவைவிட்டு வெளியேறினார்கள். ஆசிய மக்களுக்குச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நகரம் கைவிடப்பட்ட அந்த நாட்களில், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, எல்லா இனத்தவரையும் கொண்ட ஒரு சேவைக் குழுவுக்குத் தலைமையேற்று ஊரைப் பார்த்துக்கொண்டார். திடலுக்கு எதிரே, கோர்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த யூனியன் ஜாக்கை இறக்கியவரும் அவரே. ஊரில் யாரும் எதிர்க்கவில்லை என்று தெரிந்தால் குண்டு நிற்கும் என்பதுதான் நோக்கம். யாரும் வாக்களித்து அனுப்பாத ஒருவர், நியமிக்கப்பட்டவர்கள் போட்டுவிட்டுப் போன வேலையைச் செய்தார்.

போரில் நினைவுத்தூண் சிதைந்தது. 1948-இல் மறுபடி கட்டினார்கள். வெள்ளைக் கட்டடம் தப்பியது.

மேயரின் நாற்காலி

1951 டிசம்பர் 1-இல் ஜார்ஜ் டவுன் வாக்களித்தது. தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என்று மூன்று வட்டாரங்கள், ஒன்பது இடங்கள். போருக்குப் பின் மலாயாவில் நடந்த முதல் நகராண்மைத் தேர்தல் அதுவே. கோலாலம்பூர் 1952 பிப்ரவரி வரை காத்திருந்தது. ஐந்தாண்டுக்குள் மன்றத்தின் எல்லா உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக ஆனார்கள். 1957 ஜனவரி 1-இல் இரண்டாம் எலிசபெத் ராணியின் பட்டயத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரானது. நாடு விடுதலை பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. 1857-இலிருந்து கணக்கிட்டால் சரியாக நூறாண்டு. நூற்றாண்டுக் கொண்டாட்டத்தின் நடுவே கலவரமும் மூண்டது என்பதை விழா மலர்கள் சொல்வதில்லை.

முனிசிபல் அலுவலகம் சிட்டி ஹால் ஆனது. முதல் மேயர் ஜி. எச். கோ. அடுத்து 1958-இல், தொழிற் கட்சியின் டி. எஸ். ராமநாதன். ஆசிரியர், ஆசிரியர் சங்கத்தில் ஊறியவர். ஒரு தமிழர், இந்த வெள்ளை மாளிகையில் மேயர் சங்கிலியை அணிந்துகொண்டு உட்கார்ந்தார். சாக்கடை வாரும் தொழிலாளியின் பெயர்ப்பதிவேடும் மேயரின் நாற்காலியும் ஒரே கூரைக்கு அடியில் இருந்த காலம் அது. இப்போது ஸ்காட் சாலையின் பெயர் ஜாலான் டி. எஸ். ராமநாதன். அந்தச் சாலையில் வண்டி ஓட்டும் தமிழ் இளைஞர்களிடம் அவர் யார் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். "டாக்டராக இருப்பார்" என்றான் ஒருவன்.

மன்றத்துக்கு அன்று இருந்த பலம் இன்றைய உள்ளாட்சியை வைத்து அளக்க முடியாதது. மின்சாரம் அதனுடையது. தண்ணீர் அதனுடையது. பஸ் அதனுடையது. ஆயர் ஈத்தாம் அணையைக் கட்டியதும் அதுவே, 1962-இல் முடிந்தது. மலாயாவிலேயே செல்வம் மிக்க உள்ளாட்சி என்று பெயர் எடுத்திருந்தது. வருமானம் உள்ள இடத்தில் வாக்கும் இருந்தால் மன்றக் கூட்டத்தில் அனல் பறக்கும்.

பெரியவர் அதைக் கண்ணால் பார்த்தவர். கூட்ட நாளில் விளக்கோ விசிறியோ நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு மின்பணியாளர் வெளியே இருக்க வேண்டுமாம். "கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். ஆங்கிலத்தில் கத்திக்கொள்வார்கள், எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் எந்தத் தெருவுக்கு விளக்கு என்று பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்துவிடும். மறுநாள் அந்தத் தெருவில் கம்பம் ஏறப்போவது நான்தானே" என்றார்.

இரண்டாம் பூட்டு

1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிறுத்திவைப்பு என்றுதான் சொன்னார்கள். 1966-இல் நிர்வாகச் சீர்கேடு நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்த நிலையில், ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகள் மாநில முதலமைச்சரிடம் போயின.

இந்த இடத்தில் மூன்றாவது தமிழ்ப் பெயர் வருகிறது. உள்ளாட்சிகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய 1965-இல் அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். வழக்கறிஞர்; இவருடைய மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். ஆணையம் 1968-இல் அறிக்கை கொடுத்தது. குறைகளைப் பட்டியலிட்டது, கூடவே, உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவையாகவே இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. மருத்துவர் காய்ச்சலுக்கு மருந்து எழுதிக் கொடுக்க, வீட்டார் நோயாளியின் கட்டிலையே வெளியே எடுத்துப் போட்ட கதைதான்.

மோதல் 1966-லேயே முடிந்துவிட்டது. தேர்தல் திரும்பவில்லை. 1970-களின் நடுவில் மாநகர் மன்றமும் தீவின் கிராமப்புற மாவட்ட மன்றமும் இணைந்து பினாங்குத் தீவு நகராண்மைக் கழகம் ஆயின. 1976-இன் உள்ளாட்சிச் சட்டம் தன் 15ஆம் பிரிவில் தேர்தலை முடித்துவைத்தது. உறுப்பினர்கள் அதிகபட்சம் 24 பேர், மாநில அரசின் நியமனம். தண்ணீர் தனி வாரியத்துக்குப் போனது. மின்சாரம் தேசிய மின்சார வாரியத்துக்குப் போனது.

எனக்கு இந்த ஆண்டுகளின் வரிசை ஒரு தாளில் எழுதிய குறிப்பாகவே இருந்தது. பெரியவர் சொன்னது வேறு மாதிரி. "ஒரு மாதம் சம்பளச் சீட்டின் தலைப்பில் மன்றத்தின் முத்திரை இருந்தது. அடுத்த மாதம் வேறு முத்திரை. கம்பம் அதே கம்பம், ஏணி அதே ஏணி. வீட்டுக்காரி, 'வேலை போய்விட்டதா?' என்று கேட்டாள். 'வேலை இருக்கிறது, முதலாளி போய்விட்டார்' என்றேன்."

வாசலில் இன்று

மன்றத்தின் பல பிரிவுகள் கொம்தார் கோபுரத்துக்கு இடம்பெயர்ந்தன. 65 மாடி உயரத்துக்கு நகரம் தன் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போனதும், கடலோரக் கட்டடத்துக்கு ஓய்வு கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களைக் கொல்வது பெரும்பாலும் பயன்பாட்டுக் குறைவும் மிகைப் பயன்பாடும். இதற்கு இரண்டும் நேரவில்லை. மன்றம் இதை விட்டுவிடவுமில்லை, தலைமையகமாகவே வைத்துக்கொண்டது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியபோது, இந்தத் திடலும் அதைச் சுற்றியுள்ள கட்டடங்களும் அந்த எல்லைக்குள் வந்தன. 2015-இல் மாநகர் தகுதி தீவு முழுவதற்கும் விரிந்தது. பத்தாஹியா இஸ்மாயில் மேயரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மேயர் என்ற சொல் கட்டடத்துக்குத் திரும்பியது. அதை நிரப்பும் முறை திரும்பவில்லை.

திரும்ப வைக்க முயற்சி நடக்காமல் இல்லை. பினாங்கு மாநிலச் சட்டமன்றம் 2012-இல் உள்ளாட்சித் தேர்தலுக்கென ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கூட்டரசுச் சட்டம் தடுத்திருப்பதை மாநிலச் சட்டம் திறக்க முடியாது. இன்றைய நியமன உறுப்பினர்களில் நல்ல உழைப்பாளிகள் பலர் உண்டு. அடைபட்ட சாக்கடைக்கு இரவில் வந்து நின்றவரை நானே அறிவேன். என் வாதம் அவர்களின் உழைப்பைப் பற்றியதன்று. அடுத்த முறை அவர் இருக்க வேண்டுமா என்று என்னை யாரும் கேட்கப்போவதில்லை. என் வாதம் அவ்வளவுதான்.

2010-இல் திடலின் ஓரத்தில் பேச்சாளர் சதுக்கம் ஒன்றைத் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். வெள்ளை மாளிகையின் ஜன்னல்களிலிருந்து அது பார்வைக்கு எட்டும் தூரம்தான்.

பெரியவரும் நானும் புறப்பட்டபோது மணி ஆறரை இருக்கும். முகப்பு நிழலில் மங்கத் தொடங்கியிருந்தது. திடலில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குடையின் நுனியால் மேல்தளத்து ஜன்னல் ஒன்றைக் காட்டினார்.

"கூட்டம் நீண்டால் அங்கேதான் கடைசியில் விளக்கு அணையும். அப்போதெல்லாம் கடைத்தெருவில் ஒருவர் இருந்தார், தம்பி. தெருவுக்கு விளக்கு கேட்டு மனு போட்டவர். கூட்டம் முடியும்வரை இந்தப் புல்லில் உட்கார்ந்திருப்பார். விளக்கு அணைந்ததும் எழுந்து வந்து, வெளியே வரும் உறுப்பினரிடம், 'ஐயா, என் தெரு என்ன ஆனது?' என்று கேட்பார்."

"பதில் சொல்வார்களா?"

"சொல்லாமல்? அடுத்த தேர்தலில் அவரிடம்தானே வர வேண்டும்?"

பஸ் வந்தது. ஏறும்போது, மஞ்சள் வாசலில் தன்னை நிற்கவைத்ததை இன்னும் மறக்கவில்லை என்றார்.